பஞ்சுக்குச்சியா, கிளீனிங் டிஸ்க்கா? பழைய பிளாப்பி டிரைவுக்கு எது தோது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு பிளாப்பி டிரைவ்கள் (காந்தப் பூச்சுள்ள மெல்லிய டிஸ்க்கைப் படிக்கும் பழைய கணினிக் கருவிகள்) இருக்கின்றன. ஒன்று அண்ணன் வாங்கிய கமடோர் 1541, பழைய கமடோர் 64 கணினிக்கான 5.25 அங்குல டிரைவ். இன்னொன்று 3.5 அங்குல 1.44 எம்பி டிரைவ். தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்த மாமா, அங்கே பழைய கணினியைத் தூக்கிப்போட்டபோது கழற்றிக்கொண்டு வந்தது. இரண்டையும் ஒரே மாதிரி சுத்தம் செய்யலாம் என்று நினைத்ததுதான் என் முதல் தப்பு.

முதலில் ஹெட், அதாவது டிஸ்க்கைத் தொட்டுப் படிக்கும் முனை. 1541-க்கு என் ஓட்டு பஞ்சுக்குச்சிக்கே. அது ஒரு பக்கம் மட்டும் படிக்கும் டிரைவ்; ஹெட் கீழே இருக்கும், மேலே டிஸ்க்கை அழுத்தும் கை போன்ற பாகத்தில் வெறும் துணிப்பட்டைதான். அந்தக் கையை மெல்லத் தூக்கினால் பொத்தான் மாதிரி ஹெட் தெரியும். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் குச்சியை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பழுப்பாக வந்தது. டிஸ்க்கிலிருந்து உதிர்ந்த காந்தப் பூச்சு அது. இன்னொரு குச்சி, இன்னொரு இழுப்பு, அப்புறம் வெள்ளையாகவே வந்தது. கிளீனிங் டிஸ்க் (உள்ளே காந்தத் தகட்டுக்குப் பதில் துணி உள்ள டிஸ்க்) போட்டால் இதெல்லாம் கண்ணில் படாது. அழுக்கு போனதா, துணிப்பட்டையில் போய் ஒட்டியதா என்று யாருக்குத் தெரியும்?

3.5 அங்குலத்தில் கதை தலைகீழ். மேலும் கீழும் இரண்டு ஹெட். மேல் ஹெட் மெல்லிய தகட்டு ஸ்பிரிங்கில் தொங்குகிறது. குச்சியை நுழைக்க டிரைவின் மேல் கையை அதிகம் தூக்கினாலோ, பஞ்சு நூல் மாட்டி இழுத்தாலோ ஸ்பிரிங் வளைந்துவிடும். அப்புறம் அதை நேராக்குவது நம்மால் ஆகிற காரியமில்லை. கை நடுங்குகிறவர்களுக்கு இங்கே கிளீனிங் டிஸ்க்தான் தோது. சொல்லியிருக்கிற அளவு திரவத்தை அதன் துணியில் விட்டு, சில விநாடிகள் மட்டும் சுற்ற விட்டால் போதும். உலர்ந்த துணியைச் சுற்ற விடாதீர்கள், தேய்க்கும்.

மருந்துக்கடை 70 சதவீத ஆல்கஹால்? அவசரத்துக்கு ஆகும். மீதி 30 பங்கும் ஏறக்குறைய தண்ணீர்தான். மழை விடாத நம் ஊர்க் காற்றில் அது உலர நேரமெடுக்கும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

அடுத்து எண்ணெய். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை ஹெட் ஓடும் தண்டில் ஒருமுறை அடித்துவிட்டேன். இரண்டு வாரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்றாம் வாரம் தூசி சேர்ந்து பசையாகிவிட்டது. தையல் மெஷின் எண்ணெய்தான் தண்டுக்குச் சரி. அதையும் துணியில் ஒரு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும், ஊற்றக்கூடாது. 3.5 அங்குலத்தில் ஹெட்டை நகர்த்துவது ஒரு திருகுத்தண்டு. அங்கே எண்ணெய் நிற்காது; பழைய கிரீஸ் இறுகியிருந்தால் துடைத்தெடுத்து, வெள்ளை லித்தியம் கிரீஸைப் பல்குத்தும் குச்சி முனையளவு வைத்தால் போதும். 1541-இல் அந்த வேலையைச் செய்வது மெல்லிய இரும்புப் பட்டை. அதிலும் பெல்ட்டிலும் எதையும் தடவ வேண்டாம்.

ஆனால் இங்கே எண்ணெய்க்கு முந்திய எதிரி பூஞ்சைதான். டிஸ்க்கின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெள்ளைத் திட்டு தெரியும். அப்படி ஒன்றைப் போட்டால் சுத்தம் செய்த ஹெட் ஒரே சுற்றில் மறுபடி அழுக்கு. ஆகவே டிஸ்க்கைப் பார்த்துவிட்டுத்தான் டிரைவைத் தொடுகிறேன்.

எல்லாம் மாட்டிய பிறகு வேகம் சரியா என்று பார்க்க வேண்டும். 1541 நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது விநாடிக்கு 5. என் டிரைவின் அடிச்சக்கரத்தில் கோடுகள் அச்சிட்டிருக்கிறார்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும்; 20 கோடு உள்ள வட்டம் அந்த வெளிச்சத்தில் அசையாமல் நின்றால் வேகம் சரி. எங்கள் வீடு முழுக்க எல்இடி ஆகிவிட்டது. அத்தை வீட்டுச் சமையலறையில்தான் அந்தப் பழைய டியூப் மிச்சம். டிரைவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போய் நின்றால், "என்னய்யா, மறுபடியும் இந்தப் பெட்டியா? பசியாறிட்டுச் செய்" என்கிறார்.