மலேசியா போக 'ஆன்லைன் அப்ரூவல்' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

சேலத்திலிருந்து மலேசியா கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். ஐந்து ரோடு பக்கம் உள்ள ஒரு டிராவல்ஸ்காரர் என் அத்தை, மாமாவிடம் 'மலேசியா இ-விசா அப்ரூவல், கவர்மென்ட் ஃபீஸ்' என்று சொல்லி ஆளுக்கு 3,800 ரூபாய் வாங்கிவிட்டார். அப்படி ஒரு கட்டணமே கிடையாது.

இந்திய பாஸ்போர்ட்டில் சுற்றுலா போகிறவர்கள் 30 நாள் வரை மலேசியாவில் தங்க விசா வேண்டாம். 2023 டிசம்பர் 1-ல் தொடங்கிய இந்தச் சலுகையை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் எம்.டி.ஏ.சி. என்ற டிஜிட்டல் வருகை அட்டையை அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். முழுக்க இலவசம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும்.

இவரோ பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, பச்சை முத்திரையும் 'அப்ரூவ்டு' என்ற எழுத்துமாக ஒரு கலர் பிரிண்டைக் கையில் கொடுத்துவிட்டார். அத்தை அதைப் பாஸ்போர்ட்டோடு கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். திருச்சி விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "இது எம்.டி.ஏ.சி. இல்லைங்கம்மா. அதைப் போட்டுட்டு வாங்க" என்று வரிசையை விட்டு ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டார். மாமா சர்க்கரை நோயாளி. போனில் அவர் குரல் நடுங்கியது இன்னும் காதிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, சேலத்தில் இருந்தபடியே நான் நிரப்பினேன். பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் முகவரி, இந்த மாதிரி விவரங்கள்தான். பணம் கட்டும் பக்கமே வரவில்லை. நல்லவேளை, கவுண்டர் மூடுவதற்குள் முடிந்துவிட்டது.

தாய்லாந்தும் இப்படித்தான். 2025 மே முதல் டி.டி.ஏ.சி. என்று ஒரு அட்டை, அதுவும் இலவசம். இதற்கும் பணம் பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன, அச்சு அசல் அரசுத் தளம் மாதிரியே.

எல்லா நாட்டிலும் இலவசம் என்றும் நினைத்துவிட வேண்டாம். கென்யாவில் 2024 ஜனவரி முதல் விசா முறையை நீக்கிவிட்டு, இ.டி.ஏ. என்ற மின்னணு பயண அனுமதிக்கு 30 டாலர் வாங்குகிறார்கள். பிரிட்டனும் இ.டி.ஏ. கேட்கிறது, 2025 ஏப்ரலில் கட்டணத்தை 16 பவுண்டாக ஏற்றினார்கள். ஆனால் அது விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களுக்கு. மலேசிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு அது வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டன் விசாவே வேண்டும். உங்களுக்கு 'லண்டன் இ.டி.ஏ. எடுத்துத் தர்றேன்' என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

டிராவல்ஸ்காரரிடம் நேரில் போய்க் கேட்டேன். "அது சர்வீஸ் சார்ஜ் சார், எல்லாரும் வாங்கறதுதான்" என்றார். படிவம் நிரப்பித் தந்து கூலி வாங்கினால் நான் ஏன் கேட்கப் போகிறேன்? செய்யாத வேலைக்கு அரசாங்கக் கட்டணம் என்று பொய் சொல்லி, வயதானவர்களிடம் போலிக் காகிதத்தைக் கொடுத்தது அக்கிரமம். பில் கேட்டதற்கு இன்றுவரை தரவில்லை. ஜிபே ரசீதும் அந்த பிரிண்டும் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதே பச்சை முத்திரைக் காகிதம் வேறு யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.