தடுத்து ஜெயிப்பதா, அடித்து ஜெயிப்பதா? 2004 பிஸ்டன்ஸும் லேக்கர்ஸும்

2004 ஜூனில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் இறுதித் தொடர் தொடங்கியபோது லேக்கர்ஸ்தான் ஜெயிக்கும் என்பது ஏறக்குறைய எல்லோருடைய கணிப்பு. ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று நான்கு பெரிய பெயர்கள். நால்வரும் பின்னாளில் கூடைப்பந்தின் புகழ்மன்றமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். எதிரே டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். அந்த ஆண்டு லீகின் தேர்ந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அவர்களில் போனவர் பென் வாலஸ் ஒருவர்தான். அவருக்கும் ஷூட்டிங் வராது. ஜூன் 15 அன்று தொடர் 4-1 என்று பிஸ்டன்ஸ் பக்கம் முடிந்தது. ஐந்து ஆட்டங்களில் லேக்கர்ஸின் சராசரி 81.8 புள்ளிகள்.

'நட்சத்திரமே இல்லாமல் கோப்பை வென்ற அணி' என்று இன்றும் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. தடுப்பாட்டத்தில் பென் வாலஸ் நட்சத்திரம்தான். ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை வாங்கியவர். அந்த அணியில் உண்மையாகவே இல்லாதவை இரண்டு. ஆட்டத்துக்கு 25 புள்ளி போடும் ஆள் இல்லை. தடுப்பில் ஐவரில் எவரிடமும் ஓட்டை இல்லை. இரண்டாவது இன்மை கோப்பையை வாங்கித் தந்தது. முதலாவது, பின்வந்த ஆண்டுகளில் கோப்பைகளைப் பறித்தது.

ஆள் சேர்த்த விதம்

லேக்கர்ஸ் வழி சுலபமாகப் புரியும். ஷகீலும் கோபியும் ஏற்கெனவே மூன்று கோப்பை வென்றவர்கள். 2003 கோடையில் மலோனும் பேட்டனும் கோப்பை ஆசையில் சம்பளத்தைப் பெரிதும் குறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். இறுதித் தொடரின்போது மலோனுக்கு 40 வயது, பேட்டனுக்கு 35. பெயர்ப் பலகையில் வயது தெரியாது. எதிரணியில் பந்தைக் கொண்டுவரும் பாயின்ட் கார்டு, ஸ்கிரீனாக (வழிமறித்து) நிற்கும் தன் அணிக்காரரைச் சுற்றி ஓடும்போது தெரியும்.

பிஸ்டன்ஸில் ஆள் சேர்த்தவர் ஜோ டூமார்ஸ். 1989, 1990 கோப்பைகளை இதே அணிக்காகத் தடுத்தாடி வென்ற பழைய கார்டு (வெளிவட்டத்தில் ஆடுபவர்). 2000-இல் கிராண்ட் ஹில் ஆர்லாண்டோவுக்குப் போனபோது பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் பென் வாலஸ். புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1996-இல், அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. சான்ஸி பில்லப்ஸ் அணி அணியாக அலைந்துவிட்டு 2002-இல் வந்தார். அதே ஆண்டு, அணியிலேயே அதிகம் புள்ளி எடுத்துவந்த ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸைக் கொடுத்து ரிச்சர்ட் ஹாமில்டனை வாங்கினார்கள். டேஷான் பிரின்ஸ் டிராஃப்டில் 23-ஆவது இடத்தில் கிடைத்தார். எல்லாம் சரியாகவே நடந்துவிடவில்லை: 2003-இல் இரண்டாவது இடத்தில் கார்மெலோ அந்தோனியை விட்டுவிட்டு டார்கோ மிலிசிச்சை எடுத்தவர்களும் இவர்களே.

பூட்டுக்குச் சாவியாக வந்தவர் ரஷீத் வாலஸ், 2004 பிப்ரவரியில். 2.11 மீட்டர் உயரம். கூடையடியில் எந்தப் பெரிய ஆளையும் உதவியில்லாமல் தனியே தாக்குப்பிடிப்பார். அவர் வந்ததால் பென் வாலஸுக்கு ஒரே ஆளைக் கட்டிக்கொண்டு நிற்கும் வேலை குறைந்தது. மற்றவர்கள் விட்ட இடத்தை அடைக்க முடிந்தது. அடுத்த மாதமே தொடர்ந்து ஐந்து எதிரணிகளை 70 புள்ளிக்குள் சுருட்டினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் பருவத்தில் பிஸ்டன்ஸ் விட்டுக்கொடுத்த 84.3 என்ற சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் ஆட்டமே மெதுவானது. பந்து கை மாறும் முறை குறைந்தால் இரு பக்கமும் புள்ளி குறையும். தடுப்பை அளக்க, நூறு முறை பந்து வந்தால் எத்தனை புள்ளி விட்டோம் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் அவர்கள் லீகில் சான் அன்டோனியோவுக்கு அடுத்த இடத்தில் இருந்தார்கள்.

ஷகீலை யார் பிடிப்பது?

தொடரின் முடிச்சு இதுதான். மற்ற அணிகள் பெரும்பாலும் ஷகீலிடம் பந்து போனதும் இரண்டாவது ஆளை அனுப்பும். ஷகீல் பந்தை வெளியே தள்ளுவார். லேக்கர்ஸின் டெரெக் ஃபிஷர் மாதிரி ஒருவர் தூரக் கோட்டுக்கு வெளியே, தடுக்க ஆளில்லாமல் நின்று மூன்று புள்ளி போடுவார். இரண்டு நட்சத்திரங்கள் இருக்கும் அணி மற்ற மூவருக்கும் சோறு போடுவது இப்படித்தான்.

பிஸ்டன்ஸ் பயிற்சியாளர் லாரி பிரவுன் அந்தக் கதவை மூடினார். ஷகீலுக்குப் பெரும்பாலும் ஒரே ஆள். பென், ரஷீத், எல்டன் கேம்ப்பெல் மாறி மாறி நின்றார்கள். ஆறாவது ஃபவுலில்தான் ஒருவர் வெளியேற வேண்டும்; மூவருக்கும் ஆளுக்கு ஆறு ஃபவுல், ஆக 18. எதிரே, ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் (தடுப்பில்லாமல் அடிக்கும் ஒரு புள்ளி ஷாட்) பாதியைத் தவறவிடும் ஆள். அந்தத் தொடரில் அவர் போட்டது 55-க்கு 27. வேலையில் பாதி பந்து வருவதற்கு முன்பே முடிந்துவிடும். இடுப்பைத் தாழ்த்தி, தொடையால் முட்டுக்கொடுத்து, ஷகீல் நிற்க விரும்பும் இடத்திலிருந்து ஓரடி வெளியே பந்தை வாங்க வைப்பார்கள். மற்ற நால்வரும் தங்கள் ஆளை விட்டு நகர மாட்டார்கள்.

விலை உண்டு. ஷகீல் 84 ஷாட்டில் 53 போட்டார், 63 சதவீதம். நான்காவது ஆட்டத்தில் 36 புள்ளி, 20 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). பிஸ்டன்ஸ் அதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். வரவு முதல் ஆட்டத்திலேயே வந்தது: லேக்கர்ஸின் 75 புள்ளிகளில் ஷகீல் 34, கோபி 25, மற்ற அத்தனை பேருக்கும் சேர்த்து 16.

கோபிக்கு நின்றவர் பிரின்ஸ். ஒல்லி ஆள், 2.06 மீட்டர் உயரம், கை அதைவிட நீளம். மற்ற கார்டுகள் கோபியை ஒட்டி நின்றால்தான் ஷாட்டுக்குக் கை எட்டும்; ஒட்டி நின்றால் தாண்டிப் போய்விடுவார். பிரின்ஸ் ஓரடி பின்னால் நின்றே கையை உயர்த்த முடிந்தது. தாண்டினாலும் பின்னால் பென் வாலஸ். 2001-02 முதல் என்பிஏவில், ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் ஜோன் தடுப்பு அனுமதிக்கப்பட்டது; கூடவே, ஆளைப் பிடிக்காமல் பெயின்டுக்குள் (கூடைக்கு முன்னுள்ள கட்டம்) மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியும் வந்தது. பென் உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று அந்த மூன்று விநாடியைக் கடிகாரம் பார்க்காமலே எண்ணிக்கொண்டிருந்தார்.

கோபி 113 ஷாட் அடித்து 43 போட்டார். மூன்று புள்ளி ஷாட்டில் 23-க்கு 4. ஃப்ரீ த்ரோவை விட்டுக் கணக்குப் போட்டால் கோபியின் ஒரு ஷாட்டுக்கு 0.80 புள்ளி, ஷகீலின் ஒரு ஷாட்டுக்கு 1.26. குறைவாகப் பலன் தந்த கைக்குத்தான் 29 ஷாட் கூடுதலாகப் போனது. கோபியின் பிடிவாதம் என்று அதை முடித்துவிடுவது சுலபம். அது ஒரு பங்குதான். ஷகீலுக்குப் பந்து கொடுக்க ஒருவர் பாஸ் போட வேண்டும். அந்தப் பாஸ் போடுகிறவரின் முகத்துக்கு நேரே ஒரு கை எப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. ஷாட் அடிக்கக் கிடைக்கும் 24 விநாடியில் பத்து விநாடி அதிலேயே கரைந்தால், கடைசியில் பந்து கோபியிடம்தான் போகும். தானே ஷாட் உண்டாக்கத் தெரிந்த ஆளை, கடினமான ஷாட்டையே அடிக்க வைத்தது அந்த ஏற்பாடு.

மறுபக்கத்து ஓட்டை

பிஸ்டன்ஸின் அடித்தாட்டம் சாதாரணம்தான். ஆனால் லேக்கர்ஸுக்கு எதிராகச் சராசரி 90.8 வந்தது. பில்லப்ஸ் ஸ்கிரீனைச் சுற்றி வருவார். பேட்டன் ஒரு எட்டு பின்தங்குவார். ஷகீல் கூடையடியை விட்டு வெளியே வர மாட்டார். நடுவில் ஒரு அறை அளவு இடம் காலி. பில்லப்ஸ் தொடரில் சராசரி 21 புள்ளி எடுத்து இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஆனார். ஹாமில்டன் ஸ்கிரீன் ஸ்கிரீனாக ஓயாமல் ஓடுவார். துரத்துகிறவருக்குக் கால் போய்விடும். அந்தக் கால்தான் மறுமுனையில் ஷாட்டுக்கும் எழும்ப வேண்டும்.

நியாயமாகச் சொன்னால், மலோனின் முழங்கால் காயமும் கணக்கில் உண்டு. ஐந்தாவது ஆட்டத்தில் அவர் ஆடவே இல்லை. அன்று பென் வாலஸ் 18 புள்ளி, 22 ரீபவுண்ட் எடுத்தார்.

நட்சத்திரம் ஜெயித்த இடங்கள்

லேக்கர்ஸ் வென்ற ஒரே ஆட்டம் இரண்டாவது. பிஸ்டன்ஸ் மூன்று புள்ளி முன்னிலை. சில விநாடிகளே பாக்கி. வேண்டுமென்றே ஃபவுல் செய்து இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. 2.1 விநாடி இருக்கும்போது கோபி மூன்று புள்ளி போட்டு 89-89 ஆக்கினார். கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் 10, பிஸ்டன்ஸ் 2. ஐந்து நிமிடத்தில் இரண்டே புள்ளி! தடுப்பு அணியின் நோய் இதைவிடத் தெளிவாகத் தெரியாது: எதிரணியும் இறுக்கிப் பிடித்தால், தானே ஒரு ஷாட் உண்டாக்கும் ஆள் இருக்க மாட்டார்.

இதன் முழு வடிவம் 2007 கிழக்குப் பகுதி இறுதியின் (கோப்பைக்கான இறுதித் தொடருக்கு முந்தைய சுற்று) ஐந்தாவது ஆட்டத்தில் வந்தது. கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸ் 48 புள்ளி; அணியின் கடைசி 25 புள்ளியும் அவர் ஒருவரே. 109-107. பென் வாலஸ் முந்தைய கோடையிலேயே சிகாகோவுக்குப் போய்விட்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நடுவே விதியும் மாறியது. 2004-05 முதல் வெளிவட்டத்தில் பந்து வைத்திருப்பவரைக் கையால் தடுத்துப் பிடிப்பதை நடுவர்கள் கண்டிப்பாக ஃபவுல் ஆக்கினார்கள். லீகின் சராசரி 93.4 புள்ளியிலிருந்து ஒரே ஆண்டில் 97.2 ஆனது. பிஸ்டன்ஸ் 2003 முதல் 2008 வரை ஆறு முறை தொடர்ந்து கிழக்குப் பகுதி இறுதிக்குப் போனார்கள். 2005-இல் சான் அன்டோனியோவிடம் ஏழாவது ஆட்டத்தில் 81-74 என்று தோற்றார்கள். கோப்பை ஒன்றோடு நின்றது. பிரிந்துபோன ஷகீல் 2006-இல் மியாமியில் ஒன்று, கோபி 2009, 2010-இல் இரண்டு.

நீண்ட ஓட்டத்தில் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: 2008 பாஸ்டன் செல்டிக்ஸ். கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ரே ஆலன் என்று மூன்று நட்சத்திரங்கள். ஆனால் அணியின் அடையாளம், உதவிப் பயிற்சியாளர் டாம் திபடோ கட்டிய தடுப்பு. பந்து இருக்கும் பக்கம் ஆள் கூட்டி, தூரத்துப் பாஸை மட்டும் விட்டுவைக்கும் முறை. கார்னெட் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் லேக்கர்ஸை 131-92 என்று முடித்தார்கள். அந்தமாதிரி நட்சத்திரங்கள் கிடைப்பதுதான் கஷ்டம்.

கல்லூரி, கிளப் அணிக்கு எடுத்துக்கொண்டால்

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் ஆடுகிறவர்களுக்குத் தடுப்பு வழி என்பிஏவைவிட மலிவு. பெயின்டுக்குள் நிற்கும் தடுப்பாளருக்கு மூன்று விநாடித் தடை கிடையாது; உயரமான ஆளை அங்கேயே நிறுத்தலாம். மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், என்பிஏவில் 7.24. உதவிக்கு உள்ளே போனவர் தன் ஆளிடம் திரும்பும் தூரம் குறைவு. ஆனால் ஆளுக்கு ஐந்து ஃபவுல்தான், ஆட்டம் 40 நிமிடம். ஷகீலுக்குப் போட்ட 18 ஃபவுல் கணக்கு இங்கே 15. ஒரு குவாட்டரில் (ஆட்டத்தின் கால் பகுதி) அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதால் அதையும் தாராளமாகச் செலவழிக்க முடியாது.

பயிற்சிக்கு நாலுக்கு நாலு ஷெல் டிரில் போதும், தினம் 15 நிமிடம். அடிக்கும் நால்வர் வெளிவட்டத்தில்; முதலில் பாஸ் மட்டும். பந்து காற்றில் இருக்கும்போதே தடுக்கும் நால்வரும் இடம் மாறியிருக்க வேண்டும். பந்து கைக்குப் போன பிறகு நகர்ந்தால் தாமதம். பந்துக்கு நேரே நிற்பவர் கை எட்டும் தூரத்தில். ஒரு பாஸ் தள்ளி இருப்பவரின் தடுப்பாளர் பாஸ் பாதையில் கையை நீட்டி. இரண்டு பாஸ் தள்ளி இருப்பவரின் தடுப்பாளர் ஒரு காலைப் பெயின்டில் வைத்து, பந்தையும் ஆளையும் ஒரே பார்வையில். அது பழகியபின் பந்தோடு உள்ளே தாண்ட விடுங்கள். ரீபவுண்டைக் கையில் எடுக்கும் வரை சுற்று முடியாது.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். தாண்டுகிறவர் இன்னும் தாண்டாதபோதே உதவிக்கு ஓடிவிடுவார்கள். மூலையில் ஒருவர் தனியாக நிற்பார். இல்லையேல் ஒருவர் சரியாக உதவிக்குப் போயிருப்பார். அவர் விட்டுவந்த ஆளை எடுக்க மூன்றாமவர் இறங்க மாட்டார். இரண்டாவது தவறுக்குப் பெரும்பாலும் முதலாமவரைத் திட்டுவார்கள். வீடியோவில் பந்தைப் பார்க்காமல் மூன்றாமவரைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் நாள் வேண்டும். இதே லாரி பிரவுன் கோப்பை வென்ற இரண்டே மாதத்தில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அலன் ஐவர்சன், டிம் டங்கன், இளம் லெப்ரான் இருந்த அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளர். அவசரமாகச் சேர்த்த அந்த அணி போர்ட்டோ ரிக்கோவிடம் 92-73 என்று தோற்று, அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 89-81 என்று விழுந்து, வெண்கலத்தோடு திரும்பியது. வாரத்துக்கு மூன்று நாள்கூடச் சேர்ந்து பயிற்சி கிடைக்காத அணி ஆளுக்கு ஆள் பிடிக்கும் மேன்-டு-மேன் உதவித் தடுப்பில் இறங்காமல் 2-3 ஜோனில் (முன்னால் இருவர், பின்னால் மூவர்) நிற்பதும், பந்தை நன்றாக அடிக்கும் ஒருவர் கையில் கொடுப்பதும் நல்லது.