எல்லாக் கிருமிகளுக்கும் ஒரே பரிசோதனை? மெட்டாஜெனோமிக் சீக்வென்சிங் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல், மருந்துக்கு மசியாத நிமோனியா, வாரக்கணக்கில் இறங்காத காய்ச்சல் ஆகியவற்றுக்கு "ஒரே மாதிரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிருமிகள்" என்ற விளம்பரத்துடன் தனியார் ஆய்வகங்கள் மெட்டாஜெனோமிக் சீக்வென்சிங் என்னும் மரபணு வரிசைப் பரிசோதனையை இப்போது இந்தியாவிலும் செய்து தருகின்றன. சென்னை மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் துறையில் பணிபுரியும் நான், அத்தகைய ஓர் ஆய்வகத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக மாதிரிகளை அனுப்பி வருகிறேன். ஆய்வகத்தின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை இத்தகைய சேவை எதற்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

வழக்கமான பரிசோதனைகள் எல்லாம் ஏதோ ஒரு முன்யூகத்தோடுதான் தொடங்குகின்றன. மாதிரியில் உள்ள கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்ப்பதே கல்ச்சர், அதில் வளரக்கூடிய கிருமிதான் தெரியும்; குறிப்பிட்ட ஒரு கிருமியின் மரபணுவைப் பெருக்கித் தேடும் பிசிஆர் பரிசோதனையில் எந்தக் கிருமி என்று மருத்துவர் முதலில் சந்தேகிக்க வேண்டும். சீக்வென்சிங் அப்படிக் கேட்பதில்லை. தண்டுவட நீரிலோ நுரையீரலைக் கழுவி எடுத்த நீரிலோ உள்ள மரபணுத் துண்டுகள் அனைத்தையும் இலட்சக்கணக்கில் வாசித்து, மனிதனுடையவற்றை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை உலகில் இதுவரை பதிவான கிருமிகளின் மரபணுத் தொகுப்புகளோடு ஒப்பிட்டு, இன்ன கிருமியின் துண்டுகள் இத்தனை என்று பட்டியலிடுகிறது. பெரும்பாலான மாதிரிகளில் வாசிக்கப்படும் துண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் நோயாளியின் சொந்த மரபணுவாகவே இருக்கும் என்பதை நினைவில் வைத்தால், இது வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை என்பது விளங்கும்.

இந்தத் துறைக்கே பெயர் வாங்கிக் கொடுத்த நிகழ்வு 2014இல் வெளியானது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த, பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த 14 வயதுச் சிறுவன் காய்ச்சலோடும் தலைவலியோடும் நான்கு மாதங்களில் மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். மூளையின் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துப் பார்த்தும் காரணம் தெரியவில்லை; வலிப்பு நிற்காததால் மருந்து கொடுத்து மயக்க நிலையில் வைத்திருந்தார்கள். அவனுடைய தண்டுவட நீர் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு, சார்லஸ் சியூவின் ஆய்வுக் குழுவிடம் சென்றது. மாதிரி கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் விடை கிடைத்தது. வாசிக்கப்பட்ட 30,63,784 துண்டுகளில் வெறும் 475 துண்டுகள், நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்று அழைக்கப்படும் நோயை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவன் முந்தைய ஆண்டு கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவுக்குச் சென்று வந்திருந்தான். பென்சிலின் கொடுத்தார்கள், பிழைத்தான். லெப்டோஸ்பைராவுக்கான வழக்கமான பரிசோதனையில் அவனுக்கு "இல்லை" என்றுதான் வந்திருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்களிடம் அவ்வளவு பெரிய கதை எதுவும் இல்லை. ஆனால் இச்சேவையை நான் மதிப்பதற்குக் காரணமான ஒரு நோயாளி உண்டு. வடசென்னையைச் சேர்ந்த, அறுபதை நெருங்கிய ஒருவர். இரண்டு பக்க நுரையீரலிலும் நிமோனியா. ஐசியூவில் ஆறு நாட்கள். நிமோனியாவுக்கு முதலில் தரப்படும் ஊசி மருந்துகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தாகிவிட்டது. சளியிலும் இரத்தத்திலும் கல்ச்சர் எதுவும் வளரவில்லை. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை அனுப்பினோம். வந்த அறிக்கையின் முதல் வரியில் கிளமிடியா சிட்டாசி என்று இருந்தது. பறவைகளின் எச்சத்திலிருந்து காற்றோடு மனிதனுக்குள் போகும் இந்தக் கிருமி, உடலின் செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகுவதால் எங்கள் கல்ச்சர் தட்டில் எத்தனை நாள் காத்திருந்தாலும் வளராது; நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த பென்சிலின் வகை மருந்துகளுக்கும் பணியாது. ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்த மகனிடம் வீட்டில் பறவை ஏதாவது உண்டா என்று கேட்டேன். "மொட்ட மாடில பந்தயப் புறா வெச்சிருக்காரு டாக்டர், நாப்பது அம்பது இருக்கும். யாரும் கேக்கலியே," என்றார். அன்று மாலையே டாக்சிசைக்ளின் மாத்திரை தொடங்கினோம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. சில ரூபாய் மாத்திரைக்கு வழிகாட்ட, அதைவிடப் பல்லாயிரம் மடங்கு விலையுள்ள இயந்திரம் தேவைப்பட்டது என்பதில் எங்களுக்குப் பெருமை எதுவும் இல்லை. முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஐசியூவில் அத்தனை நாட்கள் கழிந்திருக்காது.

இனி விளம்பரம் சொல்லாத பக்கம். இதே கலிபோர்னியக் குழுவினர் எட்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த 204 நோயாளிகளின் தண்டுவட நீரைப் பரிசோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தம் 57 பேருக்கு 58 தொற்றுகள் உறுதியாயின. அவற்றுள் 13 தொற்றுகளை சீக்வென்சிங் மட்டுமே கண்டுபிடித்தது. ஆனால் 26 தொற்றுகளை அது தவறவிட்டது. தவறவிட்டவற்றில் 11, எதிர்ப்புப் பொருளைத் தேடும் பரிசோதனை வகையால் மட்டும் தெரியவந்தவை. 7, தண்டுவட நீரில் அல்லாமல் உடலின் வேறு இடத்து மாதிரியில் அகப்பட்டவை. மீதமுள்ள 8இல் தண்டுவட நீரில் கிருமியின் அளவு மிகக் குறைவாக இருந்தது. 2016 முதல் 2023 வரை அதே ஆய்வகத்துக்கு வந்த 4,828 தண்டுவட நீர் மாதிரிகளை அலசிப் பின்னர் வெளியான கணக்கும் இதே தொனியில்தான் இருக்கிறது. ஏதேனும் ஒரு கிருமி தென்பட்டவை 14.4 விழுக்காடு, நோய் உள்ளவரிடம் அதைக் கண்டுபிடிக்கும் திறன் 63.1 விழுக்காடு, நோய் இல்லாதவரை இல்லை என்று சொல்லும் திறன் 99.6 விழுக்காடு. அறிக்கையில் ஒரு கிருமியின் பெயர் தெளிவாக வந்தால் அதைப் பெரும்பாலும் நம்பலாம், வெறும் தாளாக வந்தால் அதை வைத்து எந்த மருந்தையும் நிறுத்திவிடக் கூடாது என்பதே இந்த எண்களிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். நான் அனுப்பியவற்றிலும் பாதிக்கும் மேல் வெறும் தாளாகத்தான் வந்தன.

நம் நாட்டில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இங்கே நாள்பட்ட மூளை உறைக் காய்ச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது காசநோய். காசநோய்க் கிருமி தண்டுவட நீரில் மிகச் சில எண்ணிக்கையில்தான் இருக்கும். அதன் மெழுகுச் சுவரை உடைத்து மரபணுவை வெளியே எடுப்பதும் கடினம். ஆகவே அங்கே, காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டும் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ரா பரிசோதனைதான் முதலில் செய்ய வேண்டியது. இவ்வகைப் பரிசோதனை அரசுத் திட்டத்தின் வழியாகக் கட்டணமின்றியும் கிடைக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ், நோயாளி மருத்துவமனைக்கு வரும் நேரத்தில் தண்டுவட நீரிலிருந்து பெரும்பாலும் மறைந்திருக்கும் என்பதால், எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா பரிசோதனைதான் அதைப் பிடிக்கும். கேரளத்தில் 2024லும் 2025லும் பலரைத் தாக்கிய அமீபா மூளைக்காய்ச்சலில், அப்போதே எடுத்த தண்டுவட நீரின் ஒரு சொட்டைக் கண்ணாடி வில்லையில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அது நெக்லீரியா என்ற அமீபா வகையாக இருக்கும்பட்சத்தில், நகர்ந்து திரியும் அமீபாவைச் சில நிமிடங்களிலேயே காண முடியும். சீக்வென்சிங் அறிக்கைக்காகக் காத்திருக்க அந்த நோய் அவகாசம் தராது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஆடையை விலக்கிப் பார்த்தால் தெரியும், சிகரெட் சூடு போன்ற கருப்புப் பொருக்கு ஒன்றே, சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதைப் பார்க்காமல் மாதிரியை மும்பைக்கும் பெங்களூருக்கும் அனுப்புவதை நான் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

என்னுடைய உண்மையான மனக்குறை அறிக்கையைப் பற்றியது. கல்லூரி மாணவி ஒருவரின் தண்டுவட நீருக்கு வந்த அறிக்கையில் கியூட்டிபாக்டீரியம், ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் என்று மூன்று பெயர்கள் வரிசையாக, எதிரே துண்டுகளின் எண்ணிக்கையோடு, ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருந்தன. முதலாவது எல்லார் தோலிலும் வாழ்வது. மற்ற இரண்டும் ஆய்வகத்தின் நீரிலும் வேதிப்பொருள்களிலும் மரபணு எச்சமாக ஒட்டிக்கொண்டு வருபவை என்பது இத்துறையில் உள்ளவர்களுக்குத் தெரிந்த செய்தி. அன்று இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ரால்ஸ்டோனியாவுக்கு என்று கூடுதலாக ஒரு ஊசி மருந்து தொடங்கிவிட்டார். வெறும் நீரை வைத்து ஓட்டிய ஒப்பீட்டு மாதிரியில் இவை எத்தனை வந்தன என்ற ஒற்றை வரி அறிக்கையில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. அறிக்கையின் அடியில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் விற்பனைப் பிரிவு. "சார், எக்ஸ்பர்ட்கிட்ட கேட்டு மெயில் போடச் சொல்றேன்," என்றார். அந்த மின்னஞ்சல் நான்கு நாட்கள் கழித்து வந்தது. அதற்குள் தண்டுவட நீரை மறுபடி எடுத்துச் செய்த ஜீன்எக்ஸ்பர்ட்டில் காசநோய் என்று தெரிந்து, மாணவிக்கு உரிய சிகிச்சை தொடங்கியாகிவிட்டது.

கலிபோர்னியக் குழுவின் 2019 ஆய்வில் எனக்குப் பொறாமை உண்டாக்கியது அவர்களுடைய இயந்திரம் அல்ல. அதே வகை இயந்திரம் இங்கேயும் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொரு அறிக்கையையும் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரோடு தொலைபேசி வழியாகக் கூடிப் பேசும் ஒரு குழுவை வைத்திருந்தார்கள். அறிக்கையில் வந்த துண்டுகள் நோயா அழுக்கா, நோய் என்றால் அடுத்து எதைக் கொண்டு உறுதிசெய்வது, மருந்தை இப்போதே தொடங்கலாமா என்பதெல்லாம் அங்கே முடிவாகும். நான் பயன்படுத்தும் சேவையில் அந்தப் பகுதி விலைப்பட்டியலிலேயே இல்லை. அது இல்லாத இடத்தில் மருத்துவமனை நுண்ணுயிரியலாளர் அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நுண்ணுயிரியலாளரே இல்லாத சிறிய மருத்துவமனை இந்த அறிக்கையை வைத்து என்ன செய்யும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. சொன்ன ஐந்து நாள் கெடு எனக்கு எட்டு, ஒன்பது நாட்களாக நீண்டிருக்கிறது. சனிக்கிழமை மாலை கொடுத்த மாதிரி ஒன்று திங்கள் காலை உருகிய பனிக்கட்டியோடு போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது; அன்று முதல் வெள்ளிக்குப் பிறகு எதையும் அனுப்புவதில்லை. டிஎன்ஏ மட்டும் வாசிக்கும் கட்டணமும் ஆர்என்ஏவும் சேர்த்து வாசிக்கும் கட்டணமும் வேறு வேறு. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் வைரஸ்களில் பலவற்றின் மரபணு டிஎன்ஏவால் அல்ல, ஆர்என்ஏவால் ஆனது என்பதால், பணத்தை மிச்சம் பிடிக்க முதலாவதை மட்டும் தேர்ந்தெடுப்பது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு தேடுவதற்குச் சமம். தொகையைப் பெரும்பாலும் குடும்பத்தினர் கையிலிருந்துதான் கட்டுகிறார்கள். காப்பீட்டு நிறுவனங்களோடு வாதாடி ஒரு முறைதான் வென்றிருக்கிறோம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், முதல் சுற்றுப் பரிசோதனைகள் அனைத்தும் ஒழுங்காகச் செய்யப்பட்டும் விடை கிடைக்காதவர்கள் ஆகியோருக்கு இந்தத் தொகை தகும். அவர்களிலும் மருந்துகள் குவிவதற்கு முன்னரே, நோய் இருக்கும் இடத்திலிருந்தே மாதிரியை எடுக்க முடிந்தால் மட்டும்.

நான் தொடர்ந்து அனுப்பத்தான் போகிறேன். ஆய்வகத்தின் படிவத்தில் "நோயாளி விவரம்" என்பதற்கு விரற்கடை நீளத்தில் ஒரே ஒரு கோடு இருக்கிறது. அதில் "இணைப்பைப் பார்க்க" என்று எழுதி, தொழில், பயணம், குளித்த குளம், வீட்டு விலங்கு, பறவை எல்லாம் கேட்டு நிரப்பிய முழுத்தாள் ஒன்றைக் கூடவே வைத்து ஒட்டுகிறேன்.