சிடிஏபி டிஎன்ஏ அளவீட்டுத் தொகுப்பு: ஒரு மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் சிறிய ஆய்வகத்திற்கு, மாதிரிகளிலுள்ள டிஎன்ஏவின் அளவைக் கண்டறிய வாங்கிய இத்தொகுப்பின் உயிர்நாடி, சிடிஏபி எனப்படும் நேர்மின்சுமை கொண்ட சர்ஃபாக்டன்ட் (சோப்பு போன்ற வேதிப்பொருள்) ஆகும். அது டிஎன்ஏவின் பாஸ்பேட்டுகளிலுள்ள எதிர்மின்சுமையோடு பிணைந்து திரள்களை உண்டாக்குவதால், டிஎன்ஏ கூடக்கூடக் கரைசல் சிதறடிக்கும் ஒளியும் கூடுகிறது; செலுத்தும் அலைநீளத்தையும் அளக்கும் அலைநீளத்தையும் ஒன்றாக வைத்து, சாதாரண ஒளிர்வு நிறமாலைமானியிலேயே அதை அளந்துவிடலாம் என்பது, தனிக் கருவிக்கு வழியில்லாத எங்களைப் போன்றோருக்குப் பெரிய ஆறுதல்.

குறையும் உண்டு. சிடிஏபி ஏறத்தாழ 25 பாகை செல்சியசுக்குக் கீழே படிகமாகப் பிரியும் இயல்புடையது; ஜூலை மாதக் குளிர்காலையில் புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு கிடந்தது, கையேட்டிலோ அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெந்நீரில் புட்டியை நிறுத்திக் கரைத்த பிறகே அளவீடு சீரானது. ஆர்என்ஏவும் டிஎன்ஏவைப் போலவே ஒளிச்சிதறலைக் கூட்டும் என்பதால், தூய்மைப்படுத்தாத மாதிரிகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.