மண்ணடியில் வாங்கிய சிங்கப்பூர் பயணம்: பணம் எங்கே போகிறது?

மண்ணடியில் உள்ள ஒரு பயண முகவர் வழியாகக் குடும்பத்துடன் சிங்கப்பூர் சென்று வந்தோம். விமானம், அறை, விசா, நகர்ச்சுற்று எல்லாவற்றையும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று முதலில் ஒரே தொகையாகத்தான் சொன்னார். பர்மா பஜாரில் பேரம் பேசிப் பழகிய வடசென்னைக்காரர்கள் அதோடு விட்டுவிடுவார்களா? தனித்தனியாகக் கேட்டதும் முகம் சுளிக்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

ஏறத்தாழப் பாதித் தொகையை அறை வாடகையே விழுங்குகிறது என்பது அந்தத் தாளில் தெரிந்தது. விலை மிகுந்த ஊர் என்ற பெயர் இந்த ஒரு விஷயத்தில் முழு உண்மை. லிட்டில் இந்தியாவில் எங்களுக்குக் கிடைத்த அறையில் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைக்க இடமில்லை, ஜன்னலும் இல்லை. அங்கே இத்தகைய அறைகள் வழக்கம்தான் என்றாலும், அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

விசா விண்ணப்பக் கட்டணமான 30 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) மேல் அவர் சேர்த்த கூலி நியாயமானது. ஆனால், பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் அரசின் இணையதளத்தில் இலவசமாக நிரப்பக்கூடிய வருகை அட்டைக்கும் ஒரு கட்டணம் போட்டிருந்தார். சுட்டிக்காட்டியதும் அதைத் தாளிலிருந்து நீக்கிவிட்டார், கேட்காதவர்கள் கட்டிவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

சாப்பாட்டுச் செலவு நாம் எங்கே உட்காருகிறோம் என்பதைப் பொறுத்தது. தேக்கா சென்டர் போன்ற உணவங்காடிகளில் பத்து வெள்ளிக்குள் ஒருவர் வயிறார பிரியாணி சாப்பிடலாம். குளிரூட்டிய உணவகத்திலோ, விலைப்பட்டியலில் 20 வெள்ளி என்று இருப்பதோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அந்த மொத்தத்தின் மீது 9 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து, பில் 23 வெள்ளி 98 காசாக வருகிறது. வெள்ளியின் மதிப்பு அறுபது ரூபாயைத் தாண்டிவிட்ட இந்நாளில், இந்த இரண்டும் தனி என்பதைக் காட்ட விலைக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் இரண்டு கூட்டல் குறிகளைக் (++) கவனிக்காமல் விட்டால் நான்கு பேருக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போய்விடும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் (மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு நம்பச் சற்று நேரமாகும்) பாட்டிலுக்குச் செலவில்லை.

நகர்ச்சுற்றுக்குக் கொடுத்த பணம் வீண். மெர்லயன் சிலையைப் பார்க்கவும், கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளிக்காட்சிக்கும் கட்டணமே இல்லை, எம்.ஆர்.டி. ரயிலில் வங்கி அட்டையைத் தட்டியே போய்விடலாம்.

விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் இந்த முகவரிடம் தயங்காமல் செல்லலாம். அறையை நீங்களே படம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முழுத் தொகுப்பாகவே வாங்குவதென்றால் டி.சி.எஸ். (விற்பவரே வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால், ரசீதில் உங்கள் பான் எண் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.