உடற்கூறு வரைய பிக் கிறிஸ்டல்: ஒரு பார்வை

1950-ல் வந்த அதே அறுகோண, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடம்புப் பால்பாயின்ட் பேனாதான் இது. மீடியம் முனையின் குண்டு 1 மி.மீ., ஆனால் விழும் கோடு அதைவிட நிறையவே மெல்லியது. மனித உடலைத் தத்ரூபமாக வரைய இதைவிட விலையுயர்ந்த ஜெல் பேனா எதற்கு என்றுதான் கேட்பேன், ஏனென்றால் ஜெல் மை தொட்டதும் முழுக்கறுப்பாக இறங்கிவிடும், இதன் எண்ணெய் மையோ அழுத்தத்துக்குத் தகுந்த மாதிரி சாம்பலாகவும் வரும், கறுப்பாகவும் வரும்.

கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் சாய்வாக இறங்கும் அந்தத் தசையை, பேனாவைப் பின்னால் தள்ளிப் பிடித்து, காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் தசைநார் ஓடும் திசையிலேயே கோடு போட்டுக்கொண்டு வந்தால் அதன் உருட்சி தானாக எழும்பும். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் மட்டும் குறுக்குக் கோடுகளை அடுக்குங்கள். எலும்பின் மேல்விளிம்பில் காகித வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள், அப்புறம் அழிக்க வழியில்லை.

எந்தப் பால்பாயின்ட்டானாலும் முனையில் மை திரளும், பக்கத்தில் டிஷ்யூ வைத்து அடிக்கடி துடைப்பது உத்தமம். கையடியில் ஒரு தாளும் வேண்டும், இல்லாவிட்டால் இழுவிவிடும். சாதாரண பால்பாயின்ட் மை வெயிலில் வெளுக்கும், அதனால் சுவரில் மாட்ட நினைப்பவர்கள் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நீலத்தைவிடக் கறுப்பு வாங்குங்கள், நிழலுக்கு அதுதான் சரி.