காயிலுக்குள் ஒரு கண்ணாடி இழை: டிடிஎஸ்ஸோடு ஆறு வருடம்

சவுதியின் கிழக்கு மாகாணத்தில் காயில்டு டியூபிங் வேலை எனக்கு, அதாவது சுருளாகச் சுற்றிய நீள எஃகுக் குழாயை எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்குவது. ஆறு வருடமாக ஆசிட் ஜாப் என்றாலே உள்ளே ஃபைபர் என்ற கண்ணாடி இழை போட்ட காயிலும், அந்த இழை நெடுகிலும் வெப்பநிலையை அளக்கிற டிடிஎஸ் பெட்டியும் கூடவே வந்துவிடும்.

இங்கே எண்ணெய் பெரும்பாலும் இருப்பது சுண்ணாம்புப் பாறையில். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை இறக்கினால் பாறை கரைந்து வழிவிடும். ஆனால் எல்லா அடுக்குக்கும் ஆசிட் போய்ச் சேர வேண்டுமே! வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது புரியும். வரப்பில் ஒரு எலி வளை இருந்தால் போதும். மோட்டார் பாட்டுக்கு ஓடும், கடைமடை காய்ந்து கிடக்கும். கிணற்றிலும் ஏற்கெனவே குடிக்கிற அடுக்குதான் மேலும் மேலும் குடிக்கும். அந்த வளையைக் காட்டத்தான் டிடிஎஸ்.

இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ராமன் ஒளியின் இரண்டு பட்டைகளை ஒப்பிட்டால் வெப்பநிலை கிடைக்கும். 10 நானோ செகண்ட் துடிப்புக்குக் கிட்டத்தட்ட மீட்டருக்கு ஒரு அளவு. திருச்சியில் பிறந்த மனிதர் 1928இல் கண்டுபிடித்தது இந்தப் பாலைவனத்தில் எனக்குச் சோறு போடுகிறது.

வாங்கும்போது யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பம்ப் ஓடும்போது திரையில் வரும் வெப்பநிலைப் படம் எதற்கும் உதவாது. திரவம் காயிலுக்குள்ளேயே போவதால் ஃபைபர் அதன் சூட்டைத்தான் அளந்துகொண்டிருக்கும். பம்பை நிறுத்த வேண்டும், காயிலை அசைக்கக் கூடாது, உட்கார வேண்டும். பாறை சுமார் 100 டிகிரி. நிறையக் குடித்த இடம் மெதுவாகத்தான் சூடேறும். மற்ற இடமெல்லாம் ஏறிய பிறகும் அங்கே மட்டும் கோடு பள்ளமாகத் தொங்கும். முதல் அரை மணியில் எதுவும் பிரியாது. இரண்டு மணி நேரம் போனால் குழந்தைக்கும் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்தைக் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாடு. சும்மா நிற்கிற யூனிட்டுக்கு வாடகை கட்டுகிறவர் நம்மை முறைக்கத்தான் செய்வார்.

நான் முதலில் உப்புத் தண்ணீரை மட்டும் அடித்துப் படம் எடுப்பேன். ஆசிட் சுண்ணாம்போடு சேர்ந்தாலே சூடு கக்கும். குளிர்ச்சியையும் அந்தச் சூட்டையும் பிரித்துப் படிப்பது தலைவலி. ஆகஸ்டில் டேங்கில் இருக்கிற தண்ணீரே கையைச் சுடும். பாறைக்கும் திரவத்துக்கும் வித்தியாசம் குறைந்து பள்ளமும் மங்கிவிடும். ஜனவரிப் படங்கள்தான் அழகு.

ஃபைபரும் என்றைக்கும் அப்படியே இருக்காது. நான்காவது வருடம் ஒன்று கறுத்துவிட்டது. ஹைட்ரஜன் கண்ணாடிக்குள் ஊறி ஒளியை விழுங்கும். இரண்டு பட்டையையும் ஒரே அளவில் விழுங்காததால், ஆழம் போகப் போக வெப்பநிலை பொய் சொல்லும்.

என் பெரிய சறுக்கல் இரண்டாம் வருடம். காயிலை விட உள்ளே இருக்கும் ஃபைபர் கொஞ்சம் நீளம், தொய்வு வேண்டும் என்பதற்காக. அதைக் கழிக்காமல் ஆழத்தைக் குறித்துவிட்டோம். அதிகம் குடிக்கிற அடுக்கை அடைத்து ஆசிட்டை மற்ற அடுக்குக்குத் திருப்பும் டைவர்ட்டர் 14 மீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்தது. அடைக்க வேண்டிய வளை திறந்தே கிடந்தது. முழுக்க எங்கள் தப்பு, கருவி மேல் பழி இல்லை.

அதிலிருந்து இறக்குவதற்கு முன்பே, காயிலின் அடிமுனைப் பக்கம் நீளம் தெரிந்த ஒரு இடத்தில் ஐஸ் வைத்துத் திரையில் பள்ளம் எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுகிறேன். கேம்ப் மெஸ்ஸில் கேட்டால் இரண்டு மூட்டை தருவார்கள். ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். மூன்று மீட்டராவது பரப்பினால்தான் பெட்டிக்குத் தெரியும்.